பூசைக்குப் போன பூட்ஸ்

என்னை எஸ்டேட்டில் வேலைக்கு எடுத்ததே பந்து விளையாடத்தான். கேரள எல்லையோரம் கோபாலபுரத்துப் பக்கம் வயல்காட்டிலிருந்து காலேஜுக்குப் போய் ஃபுட்பாலில் பெயர் வாங்கிய நான், எழுபதுகளின் தொடக்கத்தில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் சீசனிலேயே வலது முட்டி போய்விட்டது. மானேஜர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். டீமைப் பழக்கு, வருகிற போட்டியில் ஒரு ஆட்டமாவது ஜெயித்துக் காட்டு, இல்லையென்றால் ஊருக்குப் போ என்றுவிட்டார். ஊரிலிருந்து அப்பாவோ, "காலு போனவனுக்கு அங்கென்ன வேலை? ஊட்டுக்கு வந்து வயலைப் பாரு" என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் போக மனமில்லை. முட்டி சரியாகிவிடும், திரும்ப ஆடுவேன் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன். அணியில் என் பெயரையும் விட்டுவைத்திருந்தேன்.

எங்கள் ஆட்கள் வெறுங்காலில் புலிகள். அந்த வருடம் பார்த்து, பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது என்று போட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். திட்டியும் கெஞ்சியும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பழக்கினேன். ஆட்டம் விஜயதசமியன்று காலை. முந்தின நாள் தொழிற்சாலையில் ஆயுதபூசை. ஆட்டத்தன்று காலையில் போய்ப் பார்த்தால், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்திகளுக்குப் பக்கத்தில் பூட்ஸ் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருக்கின்றன. நடுவில், மாலை போட்டுக்கொண்டு, என் பழைய காலேஜ் பூட்ஸ்.

எல்லோரும் அதில் காலை நுழைக்க மாட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேப்டனிடம் கேட்டேன்:

"ஏனுங்கண்ணா, கத்தியக் கும்பிட்டுட்டு அதுலயே வெட்டறதில்லீங்களா?"

கேப்டன் என்னைவிட மூத்தவர், கவாத்து வெட்டுகிறவர். "கத்தி கையில பிடிக்கது சார். இது காலுல மாட்டுதது. சாமி கும்பிட்ட பொருள மிதிக்கச் சொல்லுதீகளே?"

என் பூட்ஸை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தப்புன்னா எம்மேல வரட்டுங்க" என்று காலில் மாட்டினேன். முட்டி போனபிறகு அன்றுதான் அதைத் தொட்டேன். கேப்டனும் தம்முடையதைக் கண்ணில் ஒற்றி மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் மாட்டினார்கள்.

இரண்டாம் பாதியில், இரண்டு பக்கமும் ஒரு கோல் என்று நிற்கும்போது, எங்கள் வலது ஓரத்துக்காரர் கால் பிசகி விழுந்தார். அது என் இடம். கேப்டன் ஓடி வந்தார்.

"நீங்க இறங்குங்க சார். பூட்ஸும் போட்டிருக்கீகளே."

ஆசை என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒரு அடி வைத்ததுமே முட்டி மடங்கியது. பக்கத்தில் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் உட்கார்ந்திருந்தார், அதுவரை ஒரு ஆட்டத்திலும் இறங்காதவர். "நீங்க போங்கண்ணா" என்றேன்.

ஜெயித்தோம். கேப்டன்தான் அடித்தார். மானேஜர் வந்து கை கொடுத்தார். வேலை தங்கிவிட்டது. வியர்வை வழிய வந்த கேப்டன், "அடுத்த ஆட்டத்துக்கு வலது பக்கம் யார இறக்கப் போறீக சார்?" என்று கேட்டார். என்னை இறங்கச் சொல்லவில்லை. அது டீமைப் பழக்குகிறவனுக்குக் கொடுத்த மரியாதை என்று புரிந்தது. "யோசிச்சுச் சொல்றேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று அழுதேன்.