பூண்டு வாசக் கல்

சிங்காரத்தின் பொறுப்பு குழாய். திரிங்காப் என்ற மலையூரின் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் நாற்பது லயத்து வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருபவர் அவர்தான். மழை பிடித்துக்கொண்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போன மாதம் மண் சரிந்து பழைய ஊற்று மூடிக்கொண்டது. மேலே பாறை வெடிப்பில் வேறோர் ஊற்றைத் தேடிப்பிடித்து, அன்றைக்கே குழாயைத் திருப்பிவிட்டார். மண்சரிவுகளைச் சோதிக்க வந்த நிலவியலாளனான என்னைப் பெருமையோடு அங்கே கூட்டிப்போனார்.

"இந்தக் கல்ல தட்டிப் பாருங்க சார்."

சுத்தியலால் தட்டினேன். பூண்டு வாசம்.

"முனியாண்டி சாமி குடுத்த மருந்து லா! மக சுபத்ரா பிள்ளை பெத்து இருபது நாளு. பெத்தவளுக்குப் பூண்டுதானே குடுக்கணும்? மொதக் கொடம் அவளுக்குத்தான்."

வெள்ளைக் கல்லின் ஊடே வெள்ளிபோல் ஏதோ மின்னியது.

"அண்ணே, இது ஆர்சனிக் உள்ள கல்லு. பாஷாணம்."

"கல்லுக்குள்ள பாஷாணத்த யாரு சார் வெச்சா?"

சொன்னேன். இந்த மலை ஒருகாலத்தில் பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு. அது ஆறி உறையும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளும். எதிலும் ஒட்டாத வெள்ளீயமும் ஆர்சனிக்கும் மிச்சக் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் அதிலிருந்து பிரியும் கொதிநீர் அவற்றை அள்ளிக்கொண்டு வெடிப்புகளில் புகுந்து படியும்.

அவர் சிரிப்பு நின்றது. "பேக்டரி சல்லடை மாதிரி. எதுலயும் நிக்காத தேயிலத் தூளு கடைசி சாக்குல."

"அந்தச் சாக்குலதான் குழாய் போட்டிருக்கீங்க. தண்ணியில கரைஞ்சிருக்கான்னு சோதிக்கணும். பத்து நாள் ஆகும்."

அவர் பத்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

லயத்தில் பக்கத்து வீட்டு விக்னேஸ்வரி வாளியோடு வந்து நின்றாள். "ஓடுற தண்ணிய நிறுத்திட்டு, தண்ணி லோரி வரும்னு வாய பாக்கச் சொல்றீங்களா மாமா? மண்டையில மழை ஏறிருச்சா?"

சிங்காரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினார். மூன்று நாள் தனியாகச் சேறு வெட்டிப் பழைய ஊற்றைத் திறந்தார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. தண்ணீரில் ஆர்சனிக், அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு.

"பால்ல இறங்குமா சார்?"

"ரொம்ப இறங்காதுன்னு சொல்றாங்க."

"சொல்றாங்களா, தெரியுமா?"

சுபத்ராவையும் குழந்தையையும் கிளினிக்கில் சோதித்திருக்கிறார்கள்; வெள்ளிக்கிழமை சொல்வார்கள்.

என் சுத்தியலை வாங்கிப்போன சிங்காரம் அதைத் திருப்பித் தரவில்லை. தினமும் காலையில் பழைய ஊற்றைச் சுற்றியுள்ள கற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, குனிந்து முகர்ந்து பார்க்கிறார்.