தண்ணீர் இல்லை என்று சொன்ன மூலை

என் வீட்டுக்காரர் படித்தது டிப்ளமோ. சுரங்கத்தில் பம்பு செட் பார்க்கிற வேலை. ஆனால் அவரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு வருகிறவர்கள், "உங்க வூட்டுக்காரரு சயின்டிஸ்ட்டாங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். பாதிப் பேர் மரியாதையாகக் கேட்பார்கள். மீதிப் பேர் என்மேல் இரக்கப்பட்டுக் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது கூட்டம்தான்.

ஊரே நம்புகிற ஒரு விஷயம் அவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் அதைச் சோதித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஃபேனுக்கடியில் படுத்தால் காய்ச்சல் வரும் என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அப்படிப் படுத்தார். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி, "நாலுல ஒண்ணு வந்தா அது நிரூபணம் இல்ல" என்றார். கஷாயம் வைத்தது நான்.

இட்லி மாவு சமாச்சாரம் இதைவிட மோசம். மாவு நன்றாகப் பொங்குவது கரைக்கிற கையைப் பொறுத்தது என்று எங்கள் பிளாக்கில் எல்லோரும் நம்பினோம். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவுக்கு அதில் பெரிய பெயர். அவர் கை பட்டால் மாவு பாத்திரத்தை விட்டு வழியும் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரே கிரைண்டர் மாவை ஆறு டப்பாவில் போட்டு ஆறு வீட்டுக்குக் கொடுத்து, கையால் கரைத்துத் தரச் சொல்லி, அடியில் நம்பர் எழுதி, எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் வரிசையாக வைத்து, ஸ்கேல் பிடித்து அளந்தார். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு. கொஞ்சம் கம்மி என்று சொல்ல வேண்டுமானால் அந்த அக்காவுடையதுதான். அதைத் தனக்குள் வைத்துக்கொண்டால் என்ன? பிளாக் பொங்கல் விழாவில், மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோரிடமும் சொன்னார். அந்த அக்கா ஒரு வருஷம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வீட்டு மரத்துக் கறிவேப்பிலையும் அதோடு போயிற்று.

நான் சண்டைக்குப் போனால் ஒரே பதில்தான் வரும். "உலகத்தைத் திருப்பிப் போட்டவங்க எல்லாரையும் பாத்து ஊரே சிரிச்சிருக்கு, தெரியுமா?" ஊர் சிரித்த எல்லோரும் உலகத்தைத் திருப்பிப் போடவில்லை என்று நான் சொல்வேன். அந்த வாக்கியத்தை மட்டும் அவர் சோதித்துப் பார்த்ததே இல்லை.

ரிடையர் ஆக ஒரு வருஷம் இருந்தபோது குறிஞ்சிப்பாடி போகிற வழியில் ஒரு மனை வாங்கினோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே வீடு கட்டிப் போக வேண்டும். அந்த வீட்டில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சமையலறை. குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். முதல் ஷிஃப்டுக்குச் சாப்பாடு கட்டுவதற்காக லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன், வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும். முப்பது வருஷத்தில் அடுப்படியில் நின்று ஒரு விடியலைப் பார்த்ததில்லை. தென்கிழக்கு மூலையில் சமையலறை, அதில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே அடுப்பு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து ஃப்ரிட்ஜின்மேல் ஒட்டி வைத்திருந்தேன். பால்காரருக்குக்கூட அதைக் காட்டியிருக்கிறேன்.

மேஸ்திரிக்கும் சம்மதம். தென்கிழக்கு அக்னி மூலை, அடுப்பு அங்கேதான் வர வேண்டும் என்றார். போர்வெல்லுக்கு வடகிழக்கு. அதற்கு நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரை அவரே கூட்டி வந்தார்.

பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், நெல் விவசாயம் செய்கிறவர். உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு மனையில் நடந்தார். வடகிழக்கு மூலைக்கு வந்ததும் தேங்காய் மெதுவாக எழுந்து நின்றது. மேஸ்திரி கும்பிட்டார். நான் மோர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஆரம்பித்தார்.

"முப்பது வருஷமா பூமியில இருந்து தண்ணிய இறைச்சு வெளிய தள்ளிக்கினு இருக்கேன். நிறுத்தினா சுரங்கம் முழுகிடும். இந்த மண்ணுல எங்க குத்தினாலும் தண்ணி. அப்ப அந்தத் தேங்கா எப்படித் தோக்கும்? அவரு எங்க காட்னாலும் தண்ணி வரும், எல்லாரும் கும்புடுவாங்க."

"வரட்டுமேங்க. நமக்கு வேண்டியது தண்ணிதான?"

"அவரு இல்லன்னு சொல்ற எடத்துல குத்திப் பாக்கணும். அதான் சோதனை."

இதில் என்னைக் கடுப்பேற்றியது என்னவென்றால், அவர் சொன்னது சரி. தண்ணீர் உண்டு என்று காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் அது எதையும் நிரூபிக்காது என்பது எனக்கும் புரிந்தது. சரியாக யோசிக்கிற ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "அடுத்தவங்க மனையில போய்க் குத்திப் பாருங்க" என்றேன். சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அந்தத் தேங்காய்க்காரரை அவரே திரும்ப வரவழைத்திருக்கிறார். இந்த மனையில் எங்கே தண்ணீரே கிடையாது என்று காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் சுற்றி நடந்துவிட்டுத் தென்கிழக்கு மூலையைக் காட்டி, "இங்க கிடையாதுங்க" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் தங்கை பேத்தியின் காதுகுத்துக்காகச் சேத்தியாத்தோப்பில் இருந்தேன். மூன்று நாள். கிளம்பும்போது, "நிதானமா இருந்துட்டு வா" என்று அவர் சொன்னதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது மனையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வழியிலேயே இறங்கினேன். ரோட்டிலிருந்தே சத்தம் கேட்டது. போர் வண்டி மனைக்குள் நின்றது. மேஸ்திரி சுண்ணாம்புத் தூள் போட்டுக் காட்டியிருந்த என் சமையலறைக் கோட்டுக்குள்தான் நின்றது. கோட்டில் பாதி சேற்றில் அழிந்துவிட்டது. அடுப்பு வர வேண்டிய இடத்தில் குழாய் இறக்கி, காற்றடித்துத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. என் வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை சேறாக நின்று, குழந்தை மாதிரி கை தட்டினார்.

"ந்தா பாரு, இல்லன்னு சொன்ன எடத்துல எவ்ளோ தண்ணி பாரு!"

"என் சமையக்கட்டு எங்கங்க?" என்றேன்.

"மோட்டாரைத் தூக்கி எறக்க எடம் வேணும், இங்க கட்ட முடியாது. மேற்கால தள்ளிக்கலாம். அடுப்பு எங்க இருந்தா என்ன, காஸ்தான எரியுது."

எனக்கு அழுகை வந்தது. போர் போட வந்த ஆட்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று பையில் இருந்த காதுகுத்து முறுக்கை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குள் அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. தேங்காய் தோற்றுவிட்டது என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! "தேங்காக்காரரு கால் பட்ட எடமாச்சே, அதான் தண்ணி தேடிக்கினு வந்திருக்கு" என்றாள் எதிர் மனைக்காரி. மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. சாட்சிக்கு அந்தத் தேங்காய்க்காரரையே கூப்பிட்டுவர ஆள் அனுப்பினார்.

அவர் சைக்கிளில் வந்தார். தண்ணீரைப் பார்த்தார். ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு கூட்டத்தை விட்டுத் தள்ளி, எங்கள் இருவரிடம் மட்டும் தணிந்த குரலில் பேசினார்.

"சார், இந்த மண்ணுல தண்ணி இல்லாத எடம் ஏதுங்க? நான் எட்டு வயசுலருந்து இங்க ஏர் பின்னால நடக்கறவன். நீங்க இல்லாத எடத்தக் காட்டு, காட்டுன்னு நிக்கறீங்க. எதையாவது காட்டியாவணும். அன்னிக்கு மோரு குடுக்கறப்ப அம்மா அந்த மூலையக் காட்டி, இங்கதான் அடுப்பு, காலைல வெயில் விழணும்னு சொன்னாங்க. நீங்க அங்க போரு போட்டுட்டா அவங்க அடுப்பு எங்க போவும்? அதான் அங்க கிடையாதுன்னேன். இல்லன்னு சொன்ன எடத்துல எந்த மனுஷனாவது போரு போடுவானா?"

"அப்ப தேங்கா?"

"அது கேக்கறவங்களுக்குங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் போன வெளிச்சம் திரும்ப வந்துவிட்டது.

"கேட்டியா? அவரே ஒத்துக்கினாரு! தேங்காயில ஒண்ணுமே இல்லன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு!"

"அவரு அடுப்புன்னு ஒண்ணு சொன்னாரே, அது உங்க காதுல விழுந்துதா?"

அப்போதுதான் கொஞ்சம் யோசித்தார். நெற்றியில் காய்ந்திருந்த சேற்றைச் சொறிந்தார். பிறகு என்மேலேயே கோபப்பட்டார்.

"அத போயி அவருகிட்ட எதுக்குச் சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மூலையத் தொட்டே இருக்க மாட்டனே?"

"உங்ககிட்டதாங்க மொதல்ல சொன்னேன். உங்ககிட்டதான் சொல்லிக்கினே இருக்கேன்."

"எப்போ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, சமாளிப்பதற்காகவும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.