கிணற்றடியில் ஒரு ஜோடி நீல பூட்ஸ்

மேங் சொக்ஜுவை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். தென் கொரியாவின் மாசான் ஊரில் மீன் சந்தைக்குப் பின்னால் நான் நடத்தும் கேம் சென்டரில் பதினேழாம் நம்பர் நாற்காலி அவனுடையது. எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேறு யாராவது உட்கார்ந்தால் நானே எழுப்பிவிடுவேன். நாற்பத்து மூன்று வயது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். பட்டறையில் ஆட்குறைப்பு வந்தபோது வேலை தேடுகிறேன் என்று என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். தேடிய வேலை அந்த நாற்காலியிலேயே கிடைத்துவிட்டது.

அவன் தொழில் ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் சாமான் விற்பது. கவசம், கத்தி, மோதிரம், குதிரைச் சேணம் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவசரத்துக்குத் தள்ளிவிடுவதை வாங்கி, பொறுத்திருந்து, வேண்டியவனிடம் நல்ல விலைக்குக் கொடுப்பான். மகன் கம்ப்யூட்டர் வியாபாரம் செய்கிறான் என்று அவன் அம்மா தேவாலயத்தில் சொல்லிக்கொள்கிறார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அந்த விளையாட்டில் ஊருக்கு நடுவே ஒரு சந்தை இருக்கிறது. விளையாட்டுக்குள் நமக்காக நடமாடுகிற பொம்மையைத் தரையில் உட்கார வைத்து, சாமானைப் பரப்பி, விலை போட்டு, தலைக்கு மேல் ஒரு பலகையும் மாட்டிவிட்டால் போதும். நாம் எழுந்து சாப்பிடப் போனாலும் கடை நடக்கும். சொக்ஜுவின் இடம் கிணற்றடி. ஒவ்வொரு புதன்கிழமையும் கம்பெனிக்காரர்கள் பராமரிப்புக்காக விளையாட்டை மூடிக் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். கடைகள் எல்லாம் கலைந்திருக்கும். நல்ல இடத்துக்கு அடிபிடி. சொக்ஜு ஒன்பதரைக்கே தலை குளித்துச் சீவிக்கொண்டு வந்துவிடுவான்.

"பொண்ணு பாக்கவா போற? யாரு உன்னைப் பாக்கப் போறா?" என்று டாக்ஸி ஓட்டும் பியோ அண்ணன் சீண்டுவார். சொக்ஜு சிரித்துக்கொண்டே ஆரஞ்சு உரிப்பான். பியோ அண்ணன் விளையாட்டாகக் கேட்டது நிஜம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவள் பெயர் பார்லித் தண்ணி. விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர், நிஜப் பெயர் அவனுக்கும் தெரியாது. இவன் பெயர் சோம்பேறிக் கணவாய் மீன், பொருத்தமான பெயர்தான். இரண்டு வருடம் தினமும் கிணற்றடிக்கு வந்து இவன் கடைக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். மழை பெய்கிறதா, என்ன சாப்பிட்டீர்கள், கால் வலி எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. எட்டிப் பார்த்த எனக்குக் கொட்டாவி வரும், அவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவன் கடையில் இருந்த ஒரு ஜோடி நீல பூட்ஸ் மேல் அவளுக்கு ஆசை. அரிய சாமான், விலையும் அதிகம். சும்மா வைத்துக்கொள் என்றானாம். சும்மா வேண்டாம், காசு சேர்த்து வாங்கிக்கொள்கிறேன், எடுத்து மட்டும் வையுங்கள் என்றாளாம்.

பிறகு இந்தச் சோம்பேறி ஒரு நாள் துணிந்து, மாசான் ரயிலடியில் நேரில் பார்க்கலாமா என்று கேட்டான். சரி என்றாள். இவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய், நாலு ரயில் வந்து போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகு கிணற்றடிக்கும் அவள் வரவில்லை. பழைய விளையாட்டு, அதில் தபால் வசதி கிடையாது. எதிரே நின்றால்தான் பேச்சு. 'நான் கேட்டிருக்கக் கூடாது அக்கா' என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். அழவில்லை.

அன்றிலிருந்து ஆறு வருடம், கிணற்றடிக் கடையில் ஒரே சாமான்தான். நீல பூட்ஸ். மற்ற வியாபாரத்தை எல்லாம் வேறு பொம்மைகளை வைத்து நடத்தினான். யாரும் வாங்கிவிடக் கூடாது என்று, விளையாட்டு அனுமதிக்கிற உச்ச விலையைப் போட்டிருந்தான், ஒன்பது ஒன்பதுகள். எந்த ராஜாவிடமும் அவ்வளவு காசு கிடையாது. அவள் வந்தால் பழைய இடத்தில் பழைய சாமானைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கடைக்கு வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் "யாராச்சும் வந்தாங்களா அக்கா?" என்று கேட்பான். "வந்தாங்க, கரண்ட் பில்காரன்" என்பேன். வேறு என்ன சொல்வது?

போன வசந்த காலத்தில் அவனுக்குப் பித்தப்பையில் கல். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், இவன் எனக்குப் போன் போட்டுக் கிணற்றடியைப் பற்றிப் பேசுகிறான். புதன் பத்து மணிக்கு அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்து, அவன் பொம்மையை வைத்துக் கடை போட வேண்டுமாம். இடம், சாமான், விலை. மூன்றே விஷயம். "ஒன்பது தடவை ஒன்பது அக்கா. எண்ணி அடிங்க." இருபது வருடமாக கேம் சென்டர் நடத்துகிறவளுக்குப் பாடம் எடுக்கிறான் என்று திட்டிவிட்டு வைத்தேன்.

புதன் வந்தது. பத்து மணிக்குக் கிணற்றடியில் தேர்க்கூட்டம். தலைக்கு மேல் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. முட்டி மோதி இடம் பிடித்தேன். பூட்ஸை வைத்தேன். ஒன்பது, ஒன்பது என்று வாய்விட்டு எண்ணி அடித்துக்கொண்டிருக்கும்போது, ராமென் நூடுல்ஸ் எங்கே என்று பியோ அண்ணன் கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். எங்கே விட்டேனோ அங்கிருந்து அடித்து முடித்தேன்.

கலகலவென்று காசு விழும் சத்தம் கேட்டது. பொம்மை எழுந்து நின்றுவிட்டது. கடை காலி.

விலையில் இரண்டு ஒன்பதைத் தின்றிருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருடம் அவன் காத்ததை ஆறு நொடியில் விற்றுத் தொலைத்தேனே. யார் வாங்கியது என்றுகூடப் பார்க்காமல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தட்டினேன்.

"இப்ப பூட்ஸ் வாங்கினவங்க தயவு பண்ணித் திருப்பிக் குடுங்க. கை தவறி வித்துட்டேன். அது உங்களுக்கு வச்சது இல்ல. வேற ஒருத்தங்களுக்காக வச்சிருக்கேன்."

பிறகு திரையில் கொடுக்கல் வாங்கல் பெட்டி திறந்தது. நீல பூட்ஸ் வந்து விழுந்தது. நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று நினைத்துச் சம்மதம் பொத்தானை அழுத்தினேன். அவர் காசைக் கேட்கவில்லை. ஒரு வரி மட்டும் எழுதினார்.

"மன்னிச்சிடுங்க. விலை குறைஞ்சதைப் பாத்து எனக்குன்னு நினைச்சுட்டேன்."

பெட்டி மூடுவதற்கு முன்னால்தான் அதன் தலையில் இருந்த பெயரைப் பார்த்தேன். பார்லித் தண்ணி.

நில்லுங்க, நில்லுங்க என்று தட்டினேன். நான் கணவாய் இல்லை, அந்த வேற ஒருத்தி நீங்கதான் என்று இரண்டு விரலால் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். எதிரே ஆள் இல்லை. யாரும் வாங்க முடியாது என்று போட்ட விலையில் அவளும்தான் வாங்க முடியாது என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எத்தனை புதன்கிழமை அந்தக் கூட்டத்தில் நின்று விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளோ.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சரியான விலையைப் போட்டு பூட்ஸைப் பழையபடி வைத்துவிட்டேன். ஆனால் அவள் கொடுத்த காசு அவன் பையில் கிடந்தது. பத்து நாள் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவன், அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை.

"வந்தாளா?" என்றான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம் நான் தட்டியதை அப்படியே சொல்லச் சொன்னான். சொன்னேன். அவள் எழுதியதைச் சொல்லச் சொன்னான். மூன்று தடவை சொல்ல வைத்தான்.

பிறகு விலையை மாற்றினான். அவள் கொடுத்தாளே, அதே விலை. தலைக்கு மேல் இருந்த பலகையையும் மாற்றினான். அதில் நிறைய எழுத இடம் கிடையாது. 'வேற யாரும் இல்ல' என்று எழுதினான்.

அந்த விலைக்கு விட்டு வைப்பார்களா? அரை நிமிஷத்தில் எவனோ தூக்கிக்கொண்டு போனான். சொக்ஜு சந்தை முழுக்க அலைந்து, பல மடங்கு கொடுத்து இன்னொரு ஜோடி வாங்கி வந்து அதே விலைக்கு வைத்தான். அதுவும் போனது. இப்போதும் அதுதான் நடக்கிறது. மற்றப் பொம்மைகள் சம்பாதிப்பதை எல்லாம் கிணற்றடி தின்கிறது. "வேற யாரும் இல்லன்னு போர்டு மாட்டிட்டு ஊருக்கே வித்துட்டு இருக்கான்" என்று பியோ அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறார். நான் சிரிப்பதில்லை. புதன்கிழமை பத்து மணிக்குக் கல்லாவை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நெரிசலில் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இப்படியே வித்துட்டு இருந்தா, அவ வர்ற அன்னைக்கு பூட்ஸ் இருக்காதேப்பா. என்ன பண்ணுவ?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்க வேணாம் அக்கா. போர்டைப் படிச்சுட்டுப் போனா போதும்."