தொண்ணூற்று மூன்றுக்குள் நூறு எப்படி வந்தது?

போடியில் பி.எட். மாணவர்களுக்குக் கணித வரலாறு நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகள் கைடு வாங்கி, யார் எந்த ஆண்டு பிறந்தார் என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பூஜ்யம் யாருடையது என்று கேட்டால் மார்தட்டுவார்கள். அதற்கு முன்னால் எப்படி எழுதினார்கள் என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

போன வருடம் செய்முறைத் தேர்வு, குரங்கணி போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஆறாம் வகுப்புக்கு என் மாணவி ஒருத்தி பாடம் எடுத்தாள். வெளியூர்த் தேர்வாளர் கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு இருந்தார். தவறினால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

அவள் எண்களைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். தொண்ணூற்று மூன்றுக்கு ஒரு சிறுமி 903 என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது.

"என்ன ஆத்தா இது?"

"எண்ணூத்தி மூணுன்னா எட்டு நூறுதான டீச்சர்? அப்பத் தொண்ணூத்தி மூணுக்கு ஒம்பது நூறுதான வரணும்?"

சிரிப்பு நின்றது. என் மாணவி பாடக்குறிப்பை மேசையில் வைத்துவிட்டு, எண்பது, எண்ணூறு, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று பலகையில் எழுதினாள்.

"நீ கேட்டது ஞாயந்தான். ஒம்பதுக்குத் தொண்டுன்னு பழைய பேரு ஒண்ணு இருந்துச்சு. ஆனா தொண்ணூறுக்குள்ள நூறு எப்படி வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. எனக்குத் தெரியாது. எழுதுறப்ப 93தான்."

வருடக்கணக்காக என் மாணவர்களிடம் நான் தொண்டை கிழியக் கேட்டது இதைத்தான். பாடம் முடிந்து தாளைப் பார்த்தால், தேர்வாளர் அவளைப் பெயிலாக்கியிருந்தார். உள்தேர்வாளராக என் கையெழுத்தும் அதில் வேண்டும்.

"டீச்சரே தெரியாதுன்னு சொன்னா பிள்ளைங்க மதிக்குமா மேடம்? பாடக்குறிப்புலயும் இது இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க."

"அது சிலபஸ்ல இல்ல. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, பஸ்சு போயிரும்."

"போகட்டும்."

பஸ் போனது. நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த பஸ்சுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அது வரும் நேரத்தில் அவர் பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு, தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டார். ஒன்றுகூட அதிகமில்லை.

வெளியே நின்றவளிடம் தேறிவிட்டாய் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே கிளாஸ்ல தெரியாதுன்னு சொல்லவே மாட்டேன் மேடம்."

அவருக்கென்று வைத்திருந்த கோபத்தை எல்லாம் அவள் மேல் கொட்டினேன். ரோட்டில் போன ஜீப்பு நின்று பார்த்துவிட்டுப் போனது. நான் ஏன் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை.