சுருதி இறங்காத கிளாரினெட்

பழைய கிளாரினெட்டுகளைப் பழுது பார்க்கும் அந்தக் கடையின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு உண்டு. இந்தப் பக்கம் மூத்த மாப்பிள்ளை, அந்தப் பக்கம் இளைய மாப்பிள்ளை. அக்காளையும் தங்கையையும் கட்டிய சகலைகள். தொழிலுக்கு முதலில் வந்தவர் மூத்தவர். பேர் வாங்கியவர் இளையவர்.

மூத்தவருக்குக் கடைத்தெருவில் ‘நொட்டை’ என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டார். மரத்தில் ஓடும் மயிரிழை விரிசல், யாரோ மாற்றிப் போட்ட திருகு, வேறொரு வாத்தியத்திலிருந்து கழற்றி ஒட்டவைத்த அடிப்பாகம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் வந்தவர் முகம் சுண்டிப்போகும். இளையவர் அதே குறையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் வருகிறவர்களெல்லாம் அந்தப் பக்கமே போனார்கள். தடுப்புக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூத்தவருக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் இசைப்பள்ளி ஆசிரியை ஒருவர் கறுத்த மரக் கிளாரினெட் ஒன்றோடு வந்து, வழக்கம்போல் இளையவர் முன்னால் உட்கார்ந்தார்.

“ஸ்கூல் பரண்ல கிடந்தது. பேண்டோட சேர்ந்து வாசிச்சா சுருதி ஏறியே நிக்குது.”

“குழாயை நீட்டினா இறங்கிடும்மா. வாய் வைக்கிற துண்டுக்குக் கீழ இருக்கே, இந்த பேரல், இதைக் கொஞ்சம் நீளமா கடைஞ்சு போடறேன். அதுக்கும் மசியலன்னா துளைகளை அடைச்சு வேற இடத்துல போட்டுக்கலாம்” என்ற இளையவர், தடுப்புக்கு மேலாகக் குரல் கொடுத்தார். “அண்ணே, இதை ஒரு பார்வை பாருங்களேன்.”

மூத்தவர் வந்து வாங்கிப் பார்த்தார். சாதாரணக் கிளாரினெட்டைவிட ஒரு விரற்கடை குட்டை. துளைகளும் அதே கணக்கில் நெருங்கி இருந்தன. இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். இது பழுதே அல்ல. முன்னொரு காலத்தில் பல பேண்டுகள் சுருதியை உயர்த்தி வைத்து வாசித்தன. இது அவர்களுக்காகவே செய்தது. சுருதி இறங்கியபின் இந்த ஜாதியில் பலவற்றை வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள். முழுசாகக் கிடைப்பது அபூர்வம். துளையில் கை வைத்தால் அத்தோடு இதன் கதை முடிந்தது.

சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்தார். ஆசிரியை இளையவரின் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இவர் நிற்பதை யாரும் சட்டைசெய்யவில்லை.

‘கெடுக்கட்டும். கெடுத்துப் பேரும் கெடட்டும்.’

ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். “தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்கூல் வேலை மொத்தமும் வரப்போகுதாமே?”

“வந்தா வரட்டும்.”

“உப்புப் போட மறந்துட்டேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிடறீங்க. உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

அதற்குப்பின் மூத்தவருக்குத் தன் வேலையில் கை ஓடவில்லை. அந்தப் பக்கம் கடைசல் இயந்திரம் ஓடினால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சகலை கெடுக்கப்போகிறான் என்பது இனிக்கத்தான் செய்தது. இனித்த இடத்திலேயே ஒரு முள்ளும் குத்தியது. தப்பு செய்யப்போகிறவன் சகலை. சாகப்போவது அந்த மரம். அது அவருக்கு என்ன கெடுதல் செய்தது?

ஒரு காலையில் துளைபோடும் மெஷின் உறுமியது. கையிலிருந்த தக்கையை எறிந்துவிட்டுத் தடுப்பைச் சுற்றி ஓடினார்.

இளையவர் ஏதோ ஒரு மரத்துண்டைத் துளைத்துக்கொண்டிருந்தார். கிளாரினெட் பக்கத்தில் துணிமேல் அலுங்காமல் கிடந்தது.

“என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது?”

“அதை இன்னும் தொடலையா நீ?”

“நீளமா பேரல் போட்டுப் பாத்தேன். சில சுரம் அதிகமா இறங்குது, சிலது அசையவே மாட்டேங்குது. துளையில கை வைக்கலாம்னு எடுத்தேன், அப்புறம் வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே. உங்க வாயில நொட்டை வராத சாமானை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. எனக்கு பயமாயிடுச்சு. யோசிச்சுட்டு நீங்களே வந்து சொல்வீங்கன்னு விட்டு வெச்சேன்.”

மூத்தவர் கிளாரினெட்டைக் கையில் எடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், தான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதைத் தவிர.

மாலையில் ஆசிரியை வந்ததும் இளையவர் முந்திக்கொண்டார். “இது என்னன்னு கண்டுபிடிச்சது எங்க அண்ணன்தான்மா. நான் கெடுத்தே இருப்பேன். இதை இப்படியே பத்திரமா வெச்சுக்கோங்க.”

ஆசிரியை முதல் தடவையாக மூத்தவர் பக்கம் திரும்பினார். “இனிமே எதுவானாலும் உங்ககிட்டதான் காட்டணும்” என்றார். இத்தனை காலம் ஏங்கிய வார்த்தை. கேட்டும் வயிறு ஆறவில்லை.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். “எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்லிட்டான்.”

“நல்லதுதானே?”

“அவன் இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேனா?”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். சற்று யோசித்தாள்.

“மாட்டீங்க” என்றாள். பிறகு, அவரைப் பாராமல், தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தபடி, “என் தங்கச்சி கொடுத்து வெச்சவ” என்றாள்.

எடுத்த கவளம் அவர் கையிலேயே நின்றது.