இடது ஸ்பீக்கருக்கு என்ன கோளாறு?

“ஏலே, இடது ஸ்பீக்கர் செத்துப்போச்சுடா. ஒடனே கெளம்பி வா!”

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, போனில் காதர் மைதீன். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் மாலை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள்.

காதர் என் பள்ளித் தோழன். சவுதியில் பல வருடம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் எங்கள் ஊர் பாலவனத்தத்துக்குத் திரும்பினான். பாலைவன ரோட்டில் அவனுக்குத் துணை பாட்டு மட்டும்தான். ஊருக்கு வந்ததும் உயர்ந்த செட் ஒன்று வாங்கி, நிம்மதியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் - அதுதான் அவன் கனவு.

வாங்கிவிட்டான். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். ஒரு ஆளால் தூக்க முடியாத ஆம்ப்ளிஃபயர். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. அருப்புக்கோட்டைப் பக்கம் பஞ்சுக்கா பஞ்சம்? நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினால், பாடுபவர் நட்டநடுவில் நின்று பாட வேண்டும்.

காதருக்கு மட்டும் அவர் வலது பக்கமாகவே ஒதுங்கி நின்றார். வாங்கிய நாளிலிருந்தே இந்தப் புலம்பல்தான்.

வீட்டில் வேறொரு புலம்பலும் இருந்தது. அவன் மனைவி ஜமீலா, என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார்: “அவுக ஊருக்கு வந்தும் சவுதியிலயேதான்க்கா இருக்காக. கார்ல பக்கத்துலதான் உக்காந்து பேசுறேன். ஒரு ‘ம்’ கூடக் கெடையாது. இப்பல்லாம் நான் வாயத் தொறக்குறதே இல்ல.”

நான் போனபோது காதர் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

“மெக்கானிக் வந்து பாத்துட்டாரு. ஸ்பீக்கர எடம் மாத்தியாச்சு, ஒயரும் புதுசு. அப்பயும் இடது பக்கம் மந்தமாத்தான் இருக்கு.”

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். பாடகர் நட்டநடுவில்!

“எனக்கு நல்லாத்தானடா கேக்குது?”

“ஒனக்கு ஞானம் பத்தாது.”

ஆடியோ பிரியர்களிடம் ஒரு குணம் உண்டு. ஒயர், பிளக், சுவர், கரண்ட் - எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். ஒன்றைத் தவிர... எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“காதரு, நாற்காலியத் திருப்பிப் போடு. ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காரு.”

முனகிக்கொண்டே உட்கார்ந்தான். ஒரு நிமிடம் போயிருக்கும்.

“என்னடா இது... இப்ப வலது ஸ்பீக்கர் மந்தமாயிருச்சு! இடது நல்லா...”

அவன் கை மெல்ல இடது காதுக்குப் போனது.

சவுதி வண்டிகளில் டிரைவருக்கு இடது பக்க ஸீட். இடது பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு, இரைச்சலுக்குக் காதைக் கொடுத்தபடியே அத்தனை வருடம்! நம்மூர்க் காரில் டிரைவர் வலது பக்கம். மனைவி உட்காருவது?

டீயோடு வாசலில் நின்றிருந்த ஜமீலாவுக்கும் அது புரிந்துவிட்டது.

“அப்ப... கார்ல நான் பேசுனது எதுவுமே ஒங்களுக்குக் கேக்கலையா?”

திரும்பிப் பார்த்தான். “நீ பேசுனியா?”

டீ டம்ளர்களை ஸ்பீக்கர் மேலேயே வைத்துவிட்டு - வேறு நாளாக இருந்தால் கலவரமாகியிருக்கும் - அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “நான் என்னென்னமோ நெனச்சுட்டேனேங்க...” என்றவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காதர் எழுந்து பாட்டை நிறுத்தினான்.

மதுரையில் காது டாக்டர் சோதித்தார். நரம்பு பழையபடி ஆகாது, மிஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார். காதர் முறுக்கிக்கொண்டான்.

“அத மாட்டுனா கெழவன்னு சொல்லுவாய்ங்கடா.”

“பாட்டுக் கேக்க இத்தன மிஷினு வாங்குன. இன்னொரு மிஷினுதானடா!”

மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டான். முதல் வாரம் ஒரே எரிச்சல். பிளாஸ்டிக் பை சரசரத்தால் திடுக்கிடுவான், தட்டு விழுந்தால் எழுந்து ஓடுவான். டாக்டரிடம் இரண்டு மூன்று முறை போய் ட்யூன் செய்த பிறகு ஒருநாள் போன் வந்தது. “பாடுறவரு முக்கால்வாசி நடுவுக்கு வந்துட்டாருடா!” அந்தக் கால் பங்குக் குறையைச் சொல்லும்போதும் குரலில் சிரிப்பு.

போன ஞாயிறு அவர்களுடைய காரில் மதுரைக்குப் போனேன். நான் பின் ஸீட்டில். அருப்புக்கோட்டையில் பேச ஆரம்பித்த ஜமீலா, காரியாபட்டி தாண்டியும் நிறுத்தவில்லை. தம்பி மகள் கல்யாணம், மாடியில் ஒழுகும் தண்ணீர், கொத்தனார் வராதது... காதர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். இரண்டு இடத்தில் சண்டை கூடப் போட்டான்!

காரிலும் அருமையான செட் வைத்திருக்கிறான். எனக்குக் கை அரித்தது.

“ஏலே, ஒரு பாட்டுப் போடேன்?”

“இருடா. இவ இன்னும் முடிக்கல.”

எப்படி முடியும்? ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறதே!