தேவகி வீட்டுத் தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அதிலும் எழுதப்போவது பொறாமையை. கும்பிடுகிற சாமிக்குத் தெரிந்தால் போதாதா, ஊருக்கு எதற்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கியபோது பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று ஏறியது. அந்த வாசனைக்கு எனக்குச் செத்த மீன்தான் ஞாபகம் வரும். சரி, உங்களிடம் சொன்னால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் ஒரு பழைய ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தோம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் செதில் செதிலாக உதிரும். என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். கம்பெனியை மூடினார்கள்; அதோடு அவர் வாயையும் மூடிக்கொண்டார். குடி இல்லை, சண்டை இல்லை, பேச்சுத்தான் இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் பார்த்தேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். வடிவுடையம்மனிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை. இந்த மனுஷன் வாயைத் திறந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்துவிட்டு, கொளத்தூர் கடையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, தண்ணீர் வடிகட்டப் பஞ்சு வைத்த மோட்டார், ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் மீன் எல்லாம் வாங்கி வந்தாள். இரண்டாம் நாளே இவர் தொட்டிப் பக்கம் குனிந்து, "இன்னாடா, பசிக்குதா?" என்றார். சமையற்கட்டில் நின்று கை கூப்பிவிட்டேன்.

அம்மன் கொடுத்த வரம் ஆயிற்றே, அழுக்காக விடுவேனா? வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும் கையோடு தொட்டியையும் கவிழ்ப்பேன். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டி, கூழாங்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து, அந்தப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று வெளுக்கும்வரை கசக்கிப் பிழிவேன். லாரித் தண்ணீரை நிரப்பி, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு கரண்டி கோயில் தீர்த்தம். தொட்டி பூஜையறை மாதிரி மின்னும். சனிக்கிழமை மீன் மல்லாந்து மிதக்கும்.

இவர் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பூச்செடித் தொட்டியில் புதைப்பார். என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. மகள் புதிதாக வாங்கி வருவாள், நான் இன்னும் சுத்தமாகக் கழுவுவேன், அதுவும் போகும்.

அப்புறம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார்.

எதிர்வீட்டில் தேவகி. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. விற்பதும் மீன், வளர்ப்பதும் மீன். அவள் தொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் வடிகட்டாத டீ நிறம், கண்ணாடியில் பாசி, தெருவில் விழுந்த பாதாம் இலைச் சருகு ஒன்று உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். அவள் செவ்வாய், வெள்ளி பார்க்கிறவளும் இல்லை. ஆனால் உள்ளே மீனெல்லாம் மூக்குத்திக் கல் மாதிரி ஜொலிக்கும். குட்டி வேறு போடும்!

"ண்ணா, இந்த வெள்ளச்சிய பாரு. அப்டியே என் நாத்தனா. தானும் துன்னாது, துன்றவளயும் தொரத்தினே கீது."

அவர் சிரித்தார். கம்பெனி மூடினதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. நான் என் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் விரதம் இருந்து கேட்டதை அம்மன் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளே!

அடுத்த தடவையும் மீன் செத்து, மகள் புதிதாக வாங்கி விட்டபின், வந்த வெள்ளிக்கிழமை தொட்டியைக் கவிழ்க்காமல், தலைக்குக் குளித்த ஈரத்தோடு நேராகத் தேவகி வாசலில் போய் நின்றேன். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

"ஏண்டி, உன் தண்ணி இவ்ளோ கலீஜா கீது, உன் மீனு மட்டும் எப்டிடி சாவாம கீது?"

"இன்னாக்கா, சாவலன்னு சண்டையா? உள்ள வா. நீ எப்டி கழுவுற, சொல்லு."

சொன்னேன். மஞ்சள் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மஞ்சளா? யக்கா, வளக்கறியா, கொழம்பு வெக்கறியா?"

எனக்கு அழுகை முட்டியது. அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"நானும் வெளக்கி வெளக்கி சாவடிச்சவதான்க்கா. கடக்காரன் கிழி கிழின்னு கிழிச்சான். மீனு வுடுற கழிவு தண்ணில வெஷமாவுது. அத்த துன்றதுக்கு கண்ணுக்குத் தெரியாத உசுரு இந்தப் பஞ்சுல கீது. நீ கொயாத் தண்ணில கசக்கி அத்த கொன்னுட்ற. மொத்தத் தண்ணியும் மாத்துன்னா, மீனுக்கு வாராவாரம் வேற ஊரு. கால்வாசி மட்டும் எடு. லாரித் தண்ணிய ஒரு நாள் பக்கெட்ல தொறந்து வெச்சி, அந்த மருந்து வாட போனா ஊத்து. வாட போவலன்னா ஊத்தாத."

பேசிக்கொண்டே தன் தொட்டியிலிருந்து பஞ்சை எடுத்தாள். கறுப்பாக, வழவழவென்று இருந்தது. மீன் நறுக்கும் அரிவாள்மனையில் வைத்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நீட்டினாள்.

"இத்த உன்துல வெய்யி. கழுவாத. சாமி சத்தியமா கழுவாத."

வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்திருக்கிறேன். அவள் வீட்டு அழுக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். கை கூசியது, அதைவிட மனசு கூசியது. பிரசாதத்தைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததில்லை.

மீன் பிழைத்தது. தொட்டி மெல்ல டீ நிறம் ஆனது. அவர் இப்போது எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, "சாப்டியா, நைனா" என்று மீனிடம் பேசினார். என்னிடமும் "கொஞ்சம் உப்பு கம்மி" என்றார். அந்தக் குறையைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் உங்களுக்குப் புரியும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. தேவகி குரல் கேட்டு வாசலுக்குப் போனால்தான் சிரிப்பு. அப்போதுதான் விளங்கிற்று, அது மீனால் வந்ததில்லை. தண்ணீரைப் பக்குவமாக வைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் வாயை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? நாத்தனாரைப் பற்றி நானும் சொல்லிப் பார்த்தேன். "பாவம், அது நல்ல பொண்ணு" என்றுவிட்டார், தன் தங்கையாயிற்றே.

அந்தக் குடியிருப்பு பழசாகிவிட்டதென்று எல்லோரையும் காலி செய்யச் சொல்லி, இடித்துவிட்டார்கள். தேவகி மணலியில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டாள். நாங்கள் இருக்கும் இந்த வீட்டில் எதிர்க்கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. எங்கள் மீன் குட்டி போட்டு, அது குட்டி போட்டு, நன்றாகவே இருக்கிறது. அவர் பேசுகிறார். சிரிப்பு மட்டும் போய்விட்டது. அப்போது எதிர்வீட்டிலாவது கேட்டுக்கொண்டிருந்தது.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த அம்மாள் பிறகு திருந்தி மனசாறிவிட்டாள் என்று சேர்த்துவிடாதீர்கள். தேவகி நன்றாக இருக்கட்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். பொறாமையோடுதான் வேண்டிக்கொள்கிறேன்.